தகராறுக்குரிய நாற்காலி

உட்காருங்க தம்பி. அந்த நீலச் சேர் வேணாம், அதுக்கு ஒரு கால் சரியில்லை. இதுல உட்காருங்க. உள்ள இருக்கிறது உங்க வீட்டம்மாவா? ஃபேஷியலா? அப்ப நேரமாகும். எட்டிப் பார்க்காதீங்க, ஆம்பளைங்க உள்ள போகக்கூடாது. எனக்கே அனுமதி இல்லை, நான் கடைக்காரம்மாவோட வீட்டுக்காரர். அதோ போர்டுல இருக்கு பாருங்க, 'மரகதம் அழகு நிலையம், பெண்களுக்கு மட்டும்'. அந்த 'மட்டும்'கிறதைக் கொஞ்சம் பெருசா எழுதச் சொன்னதே நான்தான்.

கையில என்ன, பார்சலா? ஆன்லைன்ல வாங்கினதா? இன்னும் பிரிக்கலையா? நல்லது. பிரிக்கும்போது யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லுங்க. பெட்டியோட ஆறு பக்கத்தையும் காட்டிட்டு அப்புறம் கத்தியை வைங்க. சிரிக்காதீங்க. நான் அனுபவப்பட்டவன்.

என் பேரு தெய்வசிகாமணி. கருவூலத்துல கண்காணிப்பாளரா இருந்து ஓய்வு. கருவூலம்னா தெரியும்ல, அரசாங்கச் சம்பளம், பென்ஷன், எல்லா பில்லும் எங்களைத் தாண்டித்தான் போகணும். என்னைத் தாண்டி அவ்வளவு சுலபமா எதுவும் போகாது. பில்லுல சண்முகம்னு இருந்து, ஆர்டர்ல சன்முகம்னு இருந்தா போதும், சிவப்பு மையில ஒரு கோடு, 'திருப்பப்படுகிறது'. ஒரு வாத்தியாரம்மா பிரசவ விடுப்புச் சம்பளத்துக்கு நாலு தடவை அலைஞ்சாங்க. நாலாவது தடவை வரும்போது பிள்ளை கூடவே நடந்து வந்துச்சு. ஆனா பில் சுத்தமா இருந்துச்சு தம்பி. ஒரு எழுத்து குறை சொல்ல முடியாது.

அப்படி இருந்தவன் ஓய்வு வாங்கி வீட்ல உட்கார்ந்தா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க. பால்காரன் கொண்டு வர்ற பாலைத் திருப்பலாம், பேப்பர்காரன் போடுற பேப்பரைத் திருப்பலாம். அதுக்கு மேல என்ன இருக்கு? என் மக சுபாஷினி ஓசூர்ல வேலை பார்க்கிறா. பொங்கலுக்கு வந்தவ என் போன்ல ஒரு கடையை ஏத்திக் கொடுத்தா. "அப்பா, இதுல எது வேணாலும் வாங்கலாம், பிடிக்கலைன்னா திருப்பி அனுப்பலாம்"னா. முதல்ல சொன்னது எனக்குப் பெருசாப் படலை. ரெண்டாவது சொன்னதுதான் பிடிச்சுப் போச்சு.

முதல்ல ஊன்றுகோல் ஒண்ணு போட்டேன். எனக்கு அப்ப தேவையில்லை, இருந்தாலும் வயசாகுதே. வந்தது என்ன தெரியுமா? செல்ஃபி எடுக்கிற குச்சி. தரையில ஊன்றினா உள்ள போயிருது. விழுந்து தொலைச்சிருப்பேன், மரகதம் பிடிச்சுக்கிட்டா. அடுத்து எமர்ஜென்சி லைட். படத்துல பார்த்தா கலெக்டர் ஆபீஸ்ல வைக்கிற மாதிரி இருந்துச்சு. வந்தது வாத்து. ரப்பர் வாத்து, வயித்துக்குள்ள ஒரு சின்ன பல்பு. வாயை அமுக்கினா எரியும். ரெண்டையும் திருப்பினேன். ஒரு பையன் வந்து மரியாதையா எடுத்துட்டுப் போனான். எனக்கு ஒரு தெம்பு வந்துச்சு தம்பி. காலையில எழுந்தா, இன்னைக்கு எது வரும், அதுல என்ன தப்பு இருக்கும்னு ஒரு எதிர்பார்ப்பு.

மரகதம் சொன்னா, "கடைத்தெரு பக்கத்துல தானே இருக்கு, போய்த் தொட்டுப் பார்த்து வாங்கினா என்ன?"

தொட்டுப் பார்த்து வாங்கினா அப்புறம் யாரைக் குறை சொல்றது? அவளுக்கு இந்த நுணுக்கமெல்லாம் புரியாது.

அப்புறம் எனக்கு இடுப்பு வலி வந்துச்சு. நாற்காலியில உட்கார்ந்தே வேலை பார்த்தவன்ல. டாக்டர் நடங்கன்னார். நடக்கிறதுக்கு நான் எதுக்கு டாக்டர்கிட்ட போகணும்? போன்ல தேடினப்ப மசாஜ் சேர் கண்ணுல பட்டுச்சு. உடம்பு பிடிச்சு விடுற நாற்காலி. படத்துல ஒரு பெரியவர், என்னை மாதிரியே நெற்றி, கண்ணை மூடிச் சாய்ஞ்சு கிடக்கிறார். முகத்துல அப்படி ஒரு நிம்மதி. பக்கத்துல ஒரு அம்மா நின்னு சிரிக்குது. கீழ விவரம் போட்டிருந்துச்சு: முழு வட்டமா சுத்தும், உயரம் கூட்டலாம் குறைக்கலாம், பின்னால சாய்க்கலாம், தலை வைக்கத் திண்டு, கால் வைக்கப் படி, தரமான கருப்பு ரெக்சின். எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சுட்டுத்தான் போட்டேன். நான் படிக்காம எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்.

வேன்ல வந்துச்சு. மூணு பேர் சேர்ந்து இறக்கினானுக. ஹால்ல வச்சுப் பிரிச்சா, உள்ள சலூன் சேர்.

ஆமா தம்பி, முடி வெட்டுற சேர். ராசையா கடையில இருக்குமே, பக்கத்துல ஒரு கம்பி நீட்டிக்கிட்டு, அதை மிதிச்சா மேல ஏறும், அந்தச் சேர். மரகதம் வந்து பார்த்தா. அந்தக் கம்பியை ஒரு மிதி மிதிச்சுப் பார்த்தா. சேர் அழகா மேல ஏறுச்சு. "நல்லா இருக்கே"ன்னா. எனக்கு வந்த கோபத்துல, "தொடாதே, அதுல கைரேகை படக்கூடாது"ன்னேன்.

உடனே போன் போட்டேன். பெனிட்டான்னு ஒரு பொண்ணு எடுத்துச்சு. நல்ல குரல். "சொல்லுங்க சார், உங்களுக்கு எப்படி உதவலாம்?" சொன்னேன். அது பொறுமையா எல்லாத்தையும் கேட்டுட்டு, "சார், சேர் முழுசா சுத்துதா சார்?"னு கேட்டுச்சு.

"சுத்துது."

"உயரம் கூடுதா சார்?"

"கூடுது."

"சாயுதா?"

"சாயுது."

"தலைக்குத் திண்டு இருக்கா சார்?"

"இருக்குமா, ஆனா..."

"அப்ப விவரத்துல சொன்ன எல்லாமே சரியா இருக்கு சார். படம் ஒரு மாதிரிக்காகத்தான் போட்டிருக்கு."

நான் எழுந்து நின்னுட்டேன் தம்பி. வேலை பார்த்த காலமெல்லாம் நான் மத்தவங்களைக் கேட்ட கேள்வி அது. பில்லுல இருக்கா, ஆர்டர்ல இருக்கா, தேதி இருக்கா. எல்லாம் இருக்கு, ஆனா பணம் கிடைக்காது. அந்தப் பொண்ணு அதையே எனக்குத் திருப்பிக் கேட்குது. கருவூலத்துல இருந்திருந்தா எங்கேயோ போயிருக்கும்.

அன்னையிலேருந்து தினமும் போன். பெரிய சாமான், எடுக்க வண்டி இல்லைன்னானுக. விற்பனையாளர் வேற மாநிலம்னானுக. கொஞ்ச நாள்ல பெனிட்டாவுக்கு என் குரல் தெரிஞ்சு போச்சு. "சார், இடுப்பு வலி எப்படி இருக்கு?"ன்னு கேட்டுட்டுத்தான் இல்லைன்னு சொல்லும். நல்ல வளர்ப்பு.

இதுக்குள்ள தெருவெல்லாம் பரவிப் போச்சு. பால்காரன், "சார், புதுசாக் கடை போடுறீங்களா?"ங்கிறான். ஒரு நாள் ராசையாவே வீட்டுக்கு வந்துட்டார். அடுத்த தெருவுல ரொம்ப நாளா சலூன் வச்சிருக்கிறவர், எனக்கு முடி வெட்டுறவரும் அவர்தான். சேரைச் சுத்திச் சுத்திப் பார்த்தார். "சார், நல்ல சாமான். உங்களுக்கு இது எதுக்கு, எனக்குக் குடுத்துடுங்களேன், நீங்க குடுத்த விலையையே தந்துடறேன்"னார். மரகதம் என்னைப் பார்த்தா. நியாயமான பேச்சுதான், ஒத்துக்கிறேன். ஆனா தம்பி, அது தகராறுக்குரிய பொருள். நான் எப்படி விற்க முடியும்? வித்துட்டா நான் அதை ஏத்துக்கிட்டதா ஆகிடாதா? ராசையாவை அனுப்பிட்டு, ஒரு அட்டையில எழுதி சேர் மேல தொங்கவிட்டேன்: 'தகராறுக்குரிய பொருள். யாரும் உட்காரக்கூடாது.' கீழ கையெழுத்தும் தேதியும் போட்டேன்.

ஹால்ல நட்ட நடுவுல அது. டிவி பார்க்கணும்னா அதைச் சுத்திக்கிட்டுப் போய் உட்காரணும். ஓரமாத் தள்ளலாம்னா, வந்த நிலையில இருக்கணுமே.

அப்புறம் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துல வழக்குப் போட்டேன். வக்கீல் வைக்கலை. எனக்கு எதுக்கு வக்கீல்? விசாரணைன்னு ஒரு நாள் போயிட்டுத் திரும்பி வர்றேன், வீட்டு வாசல்ல ஒரு ஜோடிச் செருப்பு. உள்ள போனா எதிர்வீட்டு கோமதியம்மா அந்தச் சேர்ல மல்லாந்து கிடக்குது. முகமெல்லாம் வெள்ளையா என்னமோ பூசியிருக்கு, கண்ணு ரெண்டுலயும் வெள்ளரிக்காய். என் அட்டை சேரோட தலைத்திண்டுல தொங்குது. அதை மட்டும் எடுக்கலை, அது ஒரு மரியாதை.

"நாளைக்கு அவங்க தம்பி மக கல்யாணம். சும்மா செஞ்சு விட்டேன்"னா மரகதம்.

இவளுக்கு இந்த வேலையெல்லாம் எப்படித் தெரியும்னு நினைக்கிறீங்க. அது ஒரு கதை. சொல்லணும்னா, நான் ஏமாந்த முதல் விஷயமே அதுதான். பொண்ணு பார்க்கப் போனப்ப, டீச்சர் டிரெயினிங் முடிச்சிருக்கான்னு சொன்னாங்க. கல்யாணம் முடிஞ்சு பார்த்தா, அதைப் பாதியில விட்டுட்டு மதுரையில ஒரு அம்மாகிட்ட அழகுக்கலை பயிற்சி எடுத்திருக்கா. விவரம் ஒண்ணு, வந்தது ஒண்ணு. நான் கத்தலை தம்பி, கை நீட்டலை, அந்தப் பழக்கமே எனக்குக் கிடையாது. பெட்டியோட கூட்டிட்டுப் போய் அவங்க அப்பா வீட்ல விட்டுட்டு, உரிய விளக்கம் வேணும்னு சொல்லிட்டு வந்துட்டேன். மூணு மாசம் கழிச்சு மாமனார் வந்தார். பாவம், பெரிய மனுஷர், வாசல்லயே நின்னு பேசினார். அந்தத் தொழில் பேச்சே எடுக்க மாட்டான்னு ஒத்துக்கிட்டார். நானும் பெருந்தன்மையா ஏத்துக்கிட்டேன். அதுக்கப்புறம் இத்தனை வருஷம், ஒரு சண்டை உண்டா எங்களுக்குள்ள? அவ பேசினாத்தானே சண்டை.

சரி, கோமதியம்மா விஷயத்துக்கு வர்றேன். நான் என்ன சொன்னேன்னா, பொருளுக்குச் சேதம் வரக்கூடாது, மேல ஒரு பெட்ஷீட் விரிச்சுக்கோ, அவ்வளவுதான். நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் இல்லை. அது என் தப்பாப் போச்சு. கோமதியம்மா கல்யாண வீட்ல போய் நின்னதும் எல்லாரும் கேட்டிருக்காங்க, யாரு செஞ்சாங்கன்னு. அடுத்த வாரம் நாலு பேர். அதுக்கடுத்த வாரம் காலேஜ் பொண்ணுங்க. புருவம் திருத்த ஒருத்தி, முடிக்கு மருதாணி வைக்க ஒருத்தி. ஹால்ல திரை கட்டியாச்சு. டிவியைப் பின் அறைக்குத் தூக்கியாச்சு. என்னையும்தான். நான் அங்கிருந்தே பெனிட்டாகிட்ட பேசுவேன், கொஞ்சம் சத்தமா, ஏன்னா ஹால்ல ஒரே சிரிப்புச் சத்தம். அவ்வளவு சிரிப்பு எங்க வீட்ல நான் கேட்டதே இல்லை. என்னத்துக்குச் சிரிக்கிறாங்கன்னு கேட்டா, "ஒண்ணுமில்லை"ன்னுடுவா.

ஆனா ஒழுங்குபடுத்தினது நான்தான். யார் முதல்ல, யார் அடுத்துன்னு டோக்கன் போட்டுக் கொடுத்தேன். ரெண்டு நாள்ல மரகதம் அதை வேணாம்னுட்டா. ஒரு பொண்ணு டோக்கன்ல பேரைத் தப்பா எழுதியிருந்துச்சு, திருப்பி அனுப்பிட்டேன். அதுக்குப் போய் ஒரு வருத்தம்.

இப்பத்தான் விஷயத்துக்கு வர்றேன். கம்பெனிக்காரன் ஒரு வக்கீலை அனுப்பினான். சின்னப் பையன், ஆனா விஷமம். ஆணையத்துல எழுந்து என்ன சொல்றான்? "மனுதாரர் நுகர்வோரே இல்லை. அவர் வீட்ல அழகு நிலையம் நடக்குது. அழகு நிலையத்துக்கு வேண்டிய சேரைத்தான் வாங்கியிருக்கார். வணிக நோக்கத்துக்கு வாங்கினா இங்க வழக்குப் போட முடியாது." ஆதாரம் கேட்டா, நானே கொடுத்த போட்டோவை எடுத்துக் காட்டுறான். சேரோட நிலை தெரியணும்னு நான் மாசா மாசம் போட்டோ எடுத்துத் தாக்கல் பண்ணியிருந்தேன். ஒண்ணுல பின்னால திரை தெரியுது, கண்ணாடி தெரியுது, கண்ணாடிக்குள்ள தலையில துண்டு கட்டின ஒரு அம்மா தெரியுது.

எனக்கு வியர்த்துப் போச்சு. அத்தனை நாள் உழைப்பு தம்பி. ஒரு அம்மாவோட துண்டுல போயிடும் போல இருக்கு.

வீட்டுக்கு வந்து யோசிச்சேன். ஒரு பிரமாண வாக்குமூலம் தயார் பண்ணினேன். அதுல நான் பொய் எதுவும் எழுதலை, கேளுங்க: 'என் மனைவி எந்தத் தொழிலும் அறியாதவர். எந்த வருமானமும் இல்லாதவர். வீட்டில் சும்மா இருப்பவர். அக்கம்பக்கத்துப் பெண்கள் பொழுது போகாமல் வந்து போவார்கள்.' சட்டத்துக்கு வேண்டிய வார்த்தைங்க. தட்டச்சுக்காரர் இப்படித்தான் அடிப்பார், எல்லாருக்கும் இப்படித்தான். அடுத்த விசாரணைக்கு மரகதத்தையும் வரச் சொல்லியிருந்தாங்க. நல்ல சேலை கட்டிக்கிட்டு வந்தா. ஆணையத்துத் தலைவர் ஒரு அம்மா. என் வாக்குமூலத்தைச் சத்தமா படிச்சாங்க. கூட்டம் இருந்துச்சு அன்னைக்கு. எங்க தெருவுல இருந்தே ஒரு பொண்ணு, இவகிட்ட புருவம் திருத்துற பொண்ணுதான், வேற வழக்குக்கு வந்து நின்னுக்கிட்டிருந்துச்சு.

படிச்சு முடிச்சுட்டு அந்த அம்மா மரகதத்தைப் பார்த்து, "இதெல்லாம் உண்மையாம்மா? உங்களுக்கு எந்தத் தொழிலும் தெரியாதா?"ன்னு கேட்டாங்க.

எனக்கு உயிரே போயிடுச்சு. இவ என்னைப் பார்த்தா, அந்த வக்கீல் பையனைப் பார்த்தா. அப்புறம் சொன்னா, "அவர் என்ன எழுதிக் கொடுத்திருக்காரோ அதுதாங்க."

அவ்வளவுதான். ஒரு சொல் கூடுதலும் இல்லை, ஒரு சொல் குறைச்சலும் இல்லை. வாக்குமூலத்தோட அப்படியே பொருந்துச்சு. வரும்போது பஸ்ல அவளுக்கு ஜன்னல் ஓர இடம் பிடிச்சுக் கொடுத்து, "நல்லா சொன்னே"ன்னேன். அவ வெளியே பார்த்துக்கிட்டு வந்தா. பாராட்டினா கூச்சப்படுவா, அவ சுபாவம் அப்படி.

அன்னையிலேருந்து சேர்ல யாரையும் உட்கார வைக்கலை. போன் பண்றவங்ககிட்ட, "கொஞ்ச நாள் பொறுங்க"ன்னு சொல்லுவா. நான் ஒண்ணும் சொல்லவே இல்லை, தானா நிறுத்தினா. சொல்லாமலே புரிஞ்சுக்கிற பொண்டாட்டி கிடைக்கிறதும் ஒரு கொடுப்பினைதான். வீடு பழையபடி அமைதியாச்சு. டிவியை ஹாலுக்குக் கொண்டு வந்தேன். சுபாஷினி மட்டும் போன்ல என்கிட்ட சரியாப் பேசலை. அன்னைக்கு ஆணையத்துல நின்ன எங்க தெருப் பொண்ணு சொல்லியிருக்கும் போல. "அப்பா, அம்மாவைப் பத்தி அப்படியா எழுதுவீங்க?"ன்னா. "அது அம்மாவைப் பத்தி இல்லம்மா, சேரைப் பத்தி"ன்னேன். வச்சுட்டா.

தீர்ப்பு வந்துச்சு. ஜெயிச்சேன். கம்பெனி சேரைத் திரும்ப எடுத்துக்கணும், பணத்தைத் திருப்பிக் கொடுக்கணும், மன உளைச்சலுக்குத் தனியா கொடுக்கணும். மன உளைச்சல், எனக்கு. தீர்ப்பை லேமினேட் பண்ணி வச்சிருக்கேன், வீட்டுக்கு வந்தா காட்டுறேன்.

மரகதம் ஒரே ஒரு தடவை கேட்டா. "அந்தச் சேரை நாமளே வச்சுக்கக்கூடாதா? பணம் வேணாம்னு சொல்லிட்டு?"

எப்படிக் கேட்கிறா பாருங்க. உத்தரவுன்னா உத்தரவு. பொருளை ஒப்படைச்சாத்தான் அது முழுசா அமலாகும். விளக்கமா எடுத்துச் சொன்னேன். அவ சரின்னு போயிட்டா.

எடுக்க வந்த அன்னைக்கு அவளே சேரைத் துடைச்சா. ஈரத்துணியால ஒரு தடவை, காய்ஞ்ச துணியால ஒரு தடவை. கம்பிக்கு எண்ணெய் விட்டா. பெட்ஷீட்டை மடிச்சு எடுத்துக்கிட்டா. வந்தவனுககிட்ட, "நல்ல சேர் தம்பி, கம்பி இடிக்காமப் பத்திரமா கொண்டு போங்க"ன்னு சொல்லி மோர் கொடுத்தா. நான் என் அட்டையைக் கழட்டினேன். வண்டி போனதுக்கப்புறம், "வருத்தமா இருக்கா?"ன்னு கேட்டேன். கேட்கணும்ல.

"எதுக்கு வருத்தம். நீங்க திருப்பி அனுப்புறவர்னு எனக்கு முதல்லயே தெரியுமே"ன்னா.

நான் சிரிச்சேன். ஒத்தை வரியில என்னைச் சொல்லிட்டா பாருங்க.

பத்து நாள் கூட இருக்காது, வீட்டுக்கு ஒரு பத்திரிகை வருது, திறப்பு விழாவுக்கு. யாரோ கடை திறக்கிறாங்கன்னு பார்த்தா இவ பேரு. இந்தக் கடைதான். அம்மாவும் மகளும் எப்பப் பேசினாங்க, எப்ப முன்பணம் கொடுத்தாங்க, ஒண்ணும் எனக்குத் தெரியாது. ராசையாவைக் கூட்டிக்கிட்டு மதுரைக்குப் போய், கடை கடையா ஏறி, ஒவ்வொரு சேரா உட்கார்ந்து பார்த்து, மிதிச்சுப் பார்த்து, சாய்ஞ்சு பார்த்து, ரெண்டு சேர் வாங்கியிருக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை? கேட்டா, "நீங்கதான் எனக்குத் தொழிலே தெரியாதுன்னு எழுதிக் கொடுத்துட்டீங்களே, அதான் சொல்லலை"ங்கிறா.

நான் அன்னைய தேதிக்கு எழுதினது அது. அன்னைய தேதிக்குச் சரி. சட்டப்படி ஒரு சிக்கலும் இல்லை, நான் பார்த்துட்டேன்.

திறப்பு விழாவுக்கு நல்ல கூட்டம். அந்த ஆணையத்துல நின்ன பொண்ணுகூட பூச்செண்டு கொண்டு வந்துச்சு. ஆல்பத்துல நான் கூட இருக்கேன், குத்துவிளக்குப் பக்கத்துல, ஒரு தோள் தெரியும்.

எனக்கு என்ன குறை? ஒரு குறையும் இல்லை. வந்த பணத்துல, வேற கடையில, அசல் மசாஜ் சேரே வாங்கிட்டேன். இந்தத் தடவை வீடியோ எடுத்துக்கிட்டேதான் பிரிச்சேன். வீட்ல ஆள் இல்லை, போனைச் சன்னல்ல சாய்ச்சு வச்சு எடுத்தேன். விவரத்தைக் கையில வச்சுக்கிட்டு வரிக்கு வரி பார்த்தேன். சொன்ன நிறம், சொன்ன அளவு. சொன்ன மாதிரியே கழுத்துல பிடிக்குது, இடுப்புல பிடிக்குது, பாதத்துல பிடிக்குது. மறுபடி முதல்லேருந்து பார்த்தேன். வயரோட நீளம்கூடச் சரியா இருந்துச்சு தம்பி.

அது பாட்டுக்குப் பிடிக்கும், கொஞ்ச நேரத்துல தானா நின்னுடும். நின்னா வீட்ல ஒரு சத்தமும் இருக்காது. இவ காலையில கேரியர்ல சாப்பாட்டைக் கட்டி வச்சுட்டு இங்க வந்தான்னா, இருட்டினதுக்கப்புறம்தான் வீடு திரும்புறா. வந்தாலும் போன். முகூர்த்த மாசம்னா கேட்கவே வேணாம்.

ஒரு நாள் அந்தப் பழைய கம்பெனி நம்பருக்கே போன் போட்டேன். பெனிட்டாதான் எடுத்துச்சு. "சொல்லுங்க சார், என்ன பிரச்சனை?"ன்னு கேட்டுச்சு. ஒரு பிரச்சனையும் இல்லம்மா, வேற இடத்துல சேர் வாங்கிட்டேன், எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னேன். "ரொம்ப சந்தோஷம் சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"ன்னுச்சு. நான் யோசிச்சேன். யோசிச்சுப் பார்க்கிறேன், ஒண்ணுமே தோணலை. அந்தப் பொண்ணு, "சார்? சார்? லைன்ல இருக்கீங்களா?"ன்னு ரெண்டு தடவை கேட்டுட்டு வச்சிருச்சு. நான் இருந்தேன்.

அதனாலதான் இங்க வந்துடறது. இடுப்புக்கு இந்தப் பிளாஸ்டிக் சேர் ஆகாதுதான். ஆனா கடைன்னு இருந்தா வாசல்ல ஒரு ஆம்பளை இருக்கணும்ல. மரகதம் வேணாம், வீட்ல இருங்கன்னுதான் சொல்றா. அவளுக்குத் தெரியாது, நான் இல்லைன்னா இங்க என்ன ஆகும்னு.

என்ன மரகதம்? ... முடிஞ்சிருச்சா? ... இல்லை இல்லை, ஒண்ணும் தொந்தரவு பண்ணலை, சும்மா பேசிக்கிட்டிருந்தோம், தம்பிதான் கேட்டார். ... சரி, சரி.

இதோ, உங்க வீட்டம்மா வந்துட்டாங்க. போயிட்டு வாங்க தம்பி. பார்சலை மறந்துடாதீங்க, வீடியோ முக்கியம். ஏதாவது மாறியிருந்துச்சுன்னா நேரா என்கிட்ட வாங்க, மனு நான் எழுதித் தர்றேன், தினமும் இங்கதான் இருப்பேன்.

நானா? இல்லை, நீங்க கிளம்புங்க. நான் இருந்துதான் வருவேன். இப்ப ஒரு கல்யாணப் பொண்ணு வரப்போகுது, அதுக்கு நேரமாகும். கூட அப்பாவோ சித்தப்பாவோ யாராவது ஒரு ஆம்பளை வந்து இந்தச் சேர்ல உட்காருவார்.